சிறிய அளவில் தேன் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாலு தேனீப் பெட்டி வைத்திருப்பவரும் கேட்கிறார், நாற்பது பெட்டி வைத்திருப்பவரும் கேட்கிறார். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொல்வதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல், அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. பத்துப் பெட்டிதான் இருக்கு. இதை வெச்சு விக்க ஆரம்பிக்கலாமா, இல்ல இன்னும் பெருக்கணுமா?

ஆரம்பிக்கலாம். பெட்டியை எண்ணாதீர்கள், விற்க மிஞ்சும் தேனை எண்ணுங்கள். கடந்த மூன்று ஆண்டு விளைச்சலின் சராசரியை எடுத்து, வீட்டுக்கும் உறவுக்கும் போவதைக் கழியுங்கள். 90 கிலோ மிஞ்சுகிறது என்றால் மாதத்துக்கு ஏழரைக் கிலோ, அதாவது முப்பது கால் கிலோ பாட்டில். இதற்குக் கடையே தேவையில்லை. தொடர்ந்து வாங்கும் இருபது, இருபத்தைந்து வீடுகள் போதும்.

பலர் செய்யும் தவறு, இந்த 90 கிலோவை நம்பி மூன்று கடைகளில் பேசிவிடுவது. இரண்டாவது மாதமே சரக்கு தீர்ந்துவிடும். காலியாகக் கிடக்கும் தட்டைக் கடைக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார், அடுத்த அறுவடையில் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

பாட்டில் வாங்கும் முன் ஒரு வேலை: வீட்டில் அடைத்த உணவை விற்க உங்கள் பகுதியில் என்ன பதிவு, என்ன உரிமம் வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். லேபிளில் அந்த எண் வர வேண்டியிருக்கும். லேபிளை அச்சடித்தபின் கேட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

2. தேனை எடுத்ததும் வடிகட்டி பாட்டில்ல ஊத்தி வித்துடலாமா?

இரண்டு நாள் பொறுங்கள். முதலில் 400 முதல் 600 மைக்ரான் சல்லடை, பிறகு 200 மைக்ரான் சல்லடை. மெழுகுத் துணுக்கும் தேனீக் காலும் நிற்கும்; மகரந்தம் அதைவிட மிகச் சிறியது, அது தேனோடு போய்விடும். அதன்பின் அடியில் குழாய் உள்ள மூடிய தொட்டியில் 24 முதல் 48 மணி நேரம் விட்டால் காற்றுக் குமிழியும் நுண்ணிய மெழுகும் மேலே ஏறி வெள்ளை நுரையாக நிற்கும். அடிக்குழாயிலிருந்து பிடித்தால் நுரை பாட்டிலுக்குள் வராது. இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் மறுநாள் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். கெடுதி இல்லை, ஆனால் வாங்குபவர் அதைப் பூஞ்சை என்றுதான் நினைப்பார்.

தொட்டிக்கு மூடி கட்டாயம். தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 17.4 சதவீத ஈரமுள்ள தேன், சுமார் 58 சதவீத ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் இருக்கும். காற்றில் அதற்கு மேல் ஈரம் ஏறினால் தேன் குடிக்கத் தொடங்கும். மழை நாளில் திறந்த பாத்திரத்தில் வைத்த தேனின் மேற்பரப்பு தண்ணியாவது இதனால்தான்.

3. ஈரப்பதம் பார்க்கிற கருவி கண்டிப்பா வேணுமா? கையில ஊத்திப் பார்த்தா தெரியாதா?

தெரியாது. 18 சதவீதத்துக்கும் 21 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை சொல்லாது, வெயில் நாளில் இரண்டுமே ஒன்றாகத்தான் ஓடும். ஆனால் பாட்டிலுக்குள் இரண்டின் கதையும் வேறு. 17.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தேன் புளிக்காது. அதற்கு மேல் போகப் போக, உள்ளே இருக்கும் ஈஸ்ட்டின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆபத்து ஏறும். 20-ஐத் தாண்டினால் புளிக்கும் வாய்ப்பு மிக அதிகம். கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் என்ற சர்வதேச உணவுத் தரமும் பொதுவாக 20 சதவீதத்தையே எல்லையாக வைத்திருக்கிறது.

தேனுக்கென்று வரும் ரிஃப்ராக்டோமீட்டரை (துளியில் ஒளி வளைவதை வைத்து ஈரத்தைக் காட்டும் கருவி) வாங்குங்கள். அதன் அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்காது, ஆகவே தண்ணீர் விட்டு அதைச் சரிபார்க்க முடியாது. கூடவே வரும் அளவுத் திரவத்தால்தான் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியில் துளி வைத்ததும் படிக்காதீர்கள், அரை நிமிடம் விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். உறைந்த தேனை அப்படியே வைத்தால் கோடு மங்கலாக விழும், அளவும் தவறும். முழுக்க உருக்கி ஆறவைத்த பிறகே பாருங்கள்.

உண்மையில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் இடம் பெட்டிதான். அடையில் முக்கால்வாசிக்கு மேல் அறைகள் மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத அறைகளில் சந்தேகமா? அடையைத் தாங்கும் மரச் சட்டத்தைப் படுக்கை வாட்டில் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். துளி தெறித்தால் இன்னும் பக்குவமாகவில்லை, திரும்ப வைத்துவிடுங்கள்.

4. லிட்டர் கணக்குல விக்கிறதா, கிலோ கணக்குலயா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல, நிறையப் பேர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். தேன் தண்ணீரைவிட கனம். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.42 கிலோ. ஒரு கிலோவுக்கு வைத்த விலையிலேயே ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 420 கிராம் இனாமாகப் போகிறது. திருப்பிப் பார்த்தால், ஒரு கிலோ தேனுக்கு 705 மில்லி இடம் போதும், அரைக் கிலோவுக்கு 352, கால் கிலோவுக்கு 176. மேலே ஒரு விரல் இடைவெளி சேர்த்துப் பாட்டிலைத் தேர்ந்தெடுங்கள். 500 மில்லி பாட்டிலில் 500 கிராம் ஊற்றினால் கால்வாசிக்கு மேல் காலியாக நிற்கும், வாங்குபவர் ஏமாந்ததாகவே நினைப்பார்.

எடையில் விற்பதே நல்லது. ஒவ்வொரு பாட்டிலையும் தராசில் வைத்து, பாட்டில் எடையைக் கழித்து, சொன்ன அளவுக்கு இரண்டு மூன்று கிராம் கூடவே நிரப்புங்கள். எடைக் குறைவு என்று ஒரு புகார் வந்தால், அதில் போகும் பெயரை அந்த மூன்று கிராம் மிச்சம் ஈடுகட்டாது.

5. கண்ணாடி பாட்டிலா, பிளாஸ்டிக்கா?

நேரில் விற்பதற்குக் கண்ணாடி. நிறம் தெரியும், வெந்நீரில் வைத்து உருக்கலாம். கூரியரில் அனுப்ப உணவுக்குரிய கனமான பிளாஸ்டிக். எதுவானாலும் மூடி புதிதாக இருக்கட்டும். ஊறுகாய்க்குப் போட்டிருந்த மூடியின் வாடையைத் தேன் இழுத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. பாட்டில் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். அடியில் நின்ற நாலு துளித் தண்ணீர் போதும், புளிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

6. லேபிள்ல என்னென்ன எழுதணும்?

உங்கள் நாட்டுச் சட்டம் கேட்பது முதலில். பொதுவாக வேண்டியவை: தேன் என்ற பெயர், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிம எண், எந்த நாட்டுத் தேன், அடைத்த தேதி, எதற்குள் பயன்படுத்துவது நல்லது என்ற தேதி, பேட்ச் நம்பர்.

பேட்ச் நம்பரைப் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள். சிறு உற்பத்தியாளருக்குத்தான் அது சொத்து. ஒரே நாளில், ஒரே இடத்துப் பெட்டிகளில் எடுத்து, ஒரே தொட்டியில் தெளிந்தது ஒரு பேட்ச். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எடுத்த தேதி, எந்த இடம், எந்தெந்தப் பெட்டி, ஈரப்பதம், மொத்த எடை, எத்தனை பாட்டில், யாருக்குப் போனது. ஒவ்வொரு பேட்ச்சிலும் 100 கிராமை சீல் வைத்து, அந்தத் தேன் கடைசியாக விற்ற பிறகும் ஓர் ஆண்டு இருட்டில் வைத்திருங்கள். கீழே 9, 12, 15 ஆகிய கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த நோட்டில்தான் தொடங்குகிறது.

எந்தச் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு வரி கட்டாயம்: “ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.” தேனில் போட்டுலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை வளராது, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சி ஆற்றிய தேனுக்கும் இது பொருந்தும், வித்து அந்தச் சூட்டில் சாகாது.

7. விலை எப்படி வெக்கிறது? பக்கத்துல விக்கிறவங்க விலையையே வெச்சுடலாமா?

பக்கத்து விலை எல்லையைக் காட்டும், உங்கள் செலவைக் காட்டாது. பெட்டி, சட்டம், கருவிகளின் விலையை அவை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து ஓராண்டுப் பங்கை எடுங்கள். அதோடு தீனிச் சர்க்கரை, மருந்து, பெட்டிகளை இடம் மாற்றும் வண்டிச் செலவு, பதிவுக் கட்டணம், உங்கள் உழைப்பு மணி எல்லாம் சேருங்கள். உழைப்பை எழுதாமல் விடுவதுதான் வழக்கம். ஒரு கிலோ தேனை எடுத்து, வடித்து, அடைத்து, லேபிள் ஒட்டி, ஆளைத் தேடி விற்க எத்தனை நிமிடம் என்று ஒரு பேட்ச்சுக்காவது கடிகாரம் பார்த்து எழுதிப் பாருங்கள். மொத்தத்தை மூன்று ஆண்டுச் சராசரி விளைச்சலால் வகுத்தால் கிலோவின் அடக்கம் வரும். நல்ல விளைச்சல் ஆண்டை வைத்து வகுத்தால் மோசமான ஆண்டில் கைக்காசு போகும்.

பாட்டில் செலவை இதில் கலக்காமல் தனியாகக் கூட்டுங்கள். ஒரு கிலோவை நாலாகப் பிரித்தால் நாலு பாட்டில், நாலு மூடி, நாலு லேபிள், நாலு முறை நிறுவை. ஆகவே கால் கிலோ விலை, கிலோ விலையில் கால்வாசியாக இருக்கவே கூடாது, கூடத்தான் இருக்க வேண்டும்.

8. கடைக்காரர் 25 சதவீதம் கேக்கறார். நான் என் விலைமேல 25 சேர்த்துக்கச் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறார். ஏன்?

இரண்டும் வேறு கணக்கு. அவர் கேட்பது விற்கும் விலையில் 25 சதவீதம்: 100-க்கு விற்றால் உங்களுக்கு 75. நீங்கள் சொல்வது 75-ன்மேல் 25 சதவீதம், அதாவது 93.75-க்கு விற்பது, அதில் அவருக்கு 18.75 தான் நிற்கும். கடைக்குக் கொடுக்கும் விலையை 0.75-ஆல் வகுத்தால் அவர் விற்க வேண்டிய விலை வரும். அந்த 75-லும் உங்கள் அடக்கம் தேறவில்லை என்றால் கடையே வேண்டாம்.

கடையில் 100 என்று இருக்கும்போது வீட்டு வாசலில் 80-க்குக் கொடுப்பது பெரிய தப்பு. வாடிக்கையாளர் கடையிலேயே அதைச் சொல்லிவிடுவார், அத்தோடு கடை உறவு முடிந்தது. நேரில் விற்கும்போதும் 100-க்கே விற்கலாம். மிஞ்சும் 25, கடைக்காரர் செய்யும் வேலையை நீங்கள் செய்ததற்கான கூலி. பணம் பற்றியும் முதலிலேயே பேசுங்கள்: சரக்கைக் கொடுத்ததும் பணமா, விற்ற பிறகா, உடைந்தது யார் கணக்கு. விற்ற பிறகுதான் என்றால் முதல் தடவை ஒரு டஜனுக்கு மேல் வைக்காதீர்கள்.

9. தேன் உறைஞ்சுபோச்சு, சர்க்கரை கலந்துட்டீங்கன்னு திருப்பித் தராங்க. என்ன சொல்றது?

முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றுப் பாட்டில் கொடுங்கள், பிறகு விளக்குங்கள். விளக்கம் இதுதான்: தேனில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். இருக்கும் கொஞ்சத் தண்ணீரில் கரையக்கூடியதைவிட அதிகமாகக் குளுக்கோஸ் இருப்பதால் அது மெல்லப் படிகமாகிறது. கடுகு, சூரியகாந்திப் பூக்களின் தேன் சில வாரங்களிலேயே கெட்டிப்படும். ஃபிரக்டோஸ் கூடுதலாக உள்ள தேன் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ்தான் உறைய ஏற்ற குளிர்; ஆகவே தேனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று லேபிளிலேயே போட்டுவிடலாம்.

புகார் வரும்வரை காத்திருக்காதீர்கள். “இந்தத் தேன் உறையும். பாட்டிலை மூடியபடியே கைபொறுக்கும் வெந்நீரில் வைத்தால் இளகும்” என்ற ஒரு வரி, பாதிப் புகாரைத் தடுக்கும். உறைந்ததும் உறையாததுமாக இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் வைத்து விற்பவர்களும் உண்டு, இது இன்னும் நல்ல வழி. உங்கள் நோட்டைப் பார்த்தால் எந்த இடத்துத் தேன் எத்தனை வாரத்தில் உறைகிறது என்று அடுத்த ஆண்டு முன்கூட்டியே சொல்ல முடியும்.

கட்டாயம் உறையும் தேனைக் குழைவுத் தேனாக மாற்றியே விற்கலாம். நாக்கில் நறநறக்காத, மிக நுண்ணிய படிகமுள்ள தேனை விதையாக எடுத்து, பத்துக்கு ஒரு பங்கு வீதம் தெளிந்த தேனில் நுரை வராமல் மெதுவாகக் கலந்து, 14 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைக்க வேண்டும். விதை போடும்போது தேன் சூடாக இருந்தால் விதை கரைந்துவிடும், பிறகு மணல் மணலாகத்தான் உறையும். ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் உள்ள தேனில் இதைச் செய்யாதீர்கள். காரணம் 15-இல்.

10. உறைஞ்சதை எவ்வளவு சூடு பண்ணலாம்?

40 டிகிரிக்குள், வெந்நீர்த் தொட்டியில், நேரம் எடுத்து. நேரடி அடுப்பில் வேண்டவே வேண்டாம். சூடு ஏற ஏற தேனில் எச்.எம்.எஃப் என்ற பொருள் கூடும். தேன் புதுசா, வெந்ததா என்று ஆய்வகங்கள் இதை வைத்துத்தான் சொல்கின்றன. இது கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர, 40 டிகிரியில் 20 முதல் 50 நாள் ஆகும். 60 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டரை நாள். 70 டிகிரியில் 5 முதல் 14 மணி நேரமே. கோடெக்ஸ் எல்லை 40 மில்லிகிராம், வெப்பமண்டலத் தேனுக்கு 80.

இதே கணக்கு கிடங்குக்கும் பொருந்தும். தகரக் கூரைக்குக் கீழே கோடை முழுவதும் கிடந்த தேன், அடுப்பைப் பார்க்காமலே வெந்ததுபோல ஆகிவிடும்.

11. தண்ணியில விட்டுப் பார்க்கிறது, தீக்குச்சி பத்தவெக்கிறது எல்லாம் செஞ்சு காட்டினா நம்புவாங்களா?

நம்புவார்கள்தான், ஆனால் அவை எதையும் நிரூபிப்பதில்லை. தண்ணீரில் கரையாமல் அடியில் நிற்பது, காகிதம் ஊறாதது, குச்சி பற்றிக்கொள்வது எல்லாமே தண்ணீர்ச் சத்து எவ்வளவு என்பதைத்தான் காட்டும். கெட்டியான சர்க்கரைப் பாகும் இவற்றில் தேறும். ஈரம் கூடிய அசல் தேன் தோற்கும். எறும்பு மொய்ப்பது பற்றிப் பேசவே வேண்டாம். இன்று தீக்குச்சியைக் காட்டி விற்றால், நாளை உங்கள் தேனை அதே தீக்குச்சியால்தான் சோதிப்பார்கள்.

காட்ட வேண்டியது வேறு. ரிஃப்ராக்டோமீட்டரை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்ச் நோட்டைத் திறந்து அவர் பாட்டில் எண் எந்தத் தேதியில் வருகிறது என்று காட்டுங்கள். வசதி இருந்தால் தேன் எடுக்கும் நாளில் நாலு பேரைக் கூப்பிடுங்கள். கலந்து விற்பவரால் இதைச் செய்ய முடியாது.

12. நான் ஒரு சொட்டு கலக்கல. ஆனா லேப்ல கரும்புச் சர்க்கரை இருக்குன்னு வந்திருக்கு. எப்படி?

தேன் அறை (தேன் எடுப்பதற்காகப் பெட்டியின் மேல் ஏற்றும் அடுக்கு) வைத்த பிறகும் தீனி கொடுத்தீர்களா? பெரும்பாலும் இதுதான். பஞ்ச காலத்தில் கொடுத்த சர்க்கரைப் பாகைத் தேனீ கொண்டுபோய் அடையில் சேர்த்து மூடிவிடும். கருவியில் எடுக்கும்போது அது தேனாகவே வரும். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வரும் சர்க்கரையின் கார்பன் ஐசோடோப்பு விகிதம், தேனீ நாடும் பெரும்பாலான பூக்களின் விகிதத்திலிருந்து வேறுபடும்; ஏ.ஓ.ஏ.சி 998.12 என்ற சோதனை இதைப் பிடிக்கும், 7 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கலப்படம் என்று கொள்வார்கள். தேன் அறை ஏற்றும் முன்பே தீனியை நிறுத்துங்கள், கீழறையில் தேங்கிய பாகை எடுக்காதீர்கள். எந்தப் பெட்டிக்கு எப்போது தீனி என்பதும் நோட்டில் ஏறட்டும்.

பீட்ரூட் சர்க்கரையும் அரிசிப் பாகும் இந்தச் சோதனையில் சிக்காது. அதனால் ஒரு சான்றிதழைக் காட்டி “நூறு சதவீதம் அசல்” என்று எழுதுவதும் மிகைதான். சோதனைக்குப் பணம் செலவழிப்பதானால் பேட்ச் எண்ணோடு ஈரம், எச்.எம்.எஃப், சுக்ரோஸ் மூன்றிலும் தொடங்குங்கள். ஏற்றுமதிக்கோ பெரிய வியாபாரிக்கோ டிரம் கணக்கில் கொடுப்பதானால் ஆன்டிபயாடிக் எச்சமும் கேட்பார்கள்.

13. “ஒரே பூத் தேன்”, “ஆர்கானிக்”, “சளிக்கு நல்லது”ன்னு எழுதினா நல்லா விக்குமே?

ஒரே பூத் தேன் என்று சொல்ல, அந்தப் பூ உச்சத்தில் இருக்கும்போது காலி அறை ஏற்றி, பூ முடிந்ததும் உடனே எடுத்திருக்க வேண்டும். மகரந்தச் சோதனையில் பொதுவாக 45 சதவீதத்துக்கு மேல் அந்தப் பூ தெரிந்தால் ஏற்பார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் மகரந்தம் குறைவாகத் தருவதால் அவற்றுக்கு எல்லை தாழ்வு. அந்த உறுதி இல்லையென்றால் “பல பூத் தேன்” என்று எடுத்த மாதத்தோடு போடுங்கள், அதுவும் நன்றாகவே விற்கும்.

ஆர்கானிக் அதைவிடக் கடினம். ஐரோப்பிய ஒன்றிய விதி, பெட்டியைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரத்தைப் பார்க்கிறது. அது 28 சதுர கிலோமீட்டர். அவ்வளவு நிலத்தில் யார் என்ன மருந்து அடிக்கிறார் என்று உங்களால் பொறுப்பேற்க முடியுமா? நோய் தீர்க்கும் என்று எழுதவே எழுதாதீர்கள். பல நாடுகளில் அது சட்ட மீறல்.

14. கூரியர்ல அனுப்பினா பாதி ஒழுகிப் போகுது. என்ன பண்றது?

ஒழுகுவது பெரும்பாலும் மூடி வழியாக. வண்டிச் சூட்டில் தேன் விரிந்து இளகி, சாய்ந்த பாட்டிலின் மூடி இடுக்கில் வழி தேடும். விளிம்புவரை நிரப்பாதீர்கள். பாட்டில் வாயில் ஒட்டும் ஃபாயில் சீல் போடுங்கள், மூடியைச் சுற்றி டேப், பிறகு காற்றுப் புகாத பை, அதன்பின் குமிழ்த்தாள், பெட்டியின் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை. முதல் முறை ஒரு பாட்டிலைக் கட்டி வெதுவெதுப்பான இடத்தில் ஓர் இரவு தலைகீழாக வையுங்கள். காலையில் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். தேறினால் அதே கட்டு எல்லோருக்கும். வார இறுதியில் அனுப்பாதீர்கள், இரண்டு நாள் கிடங்கில் வேகும்.

15. மூடியைத் திறந்தா டப்புனு சத்தம் வந்து நுரை பொங்குதாம். ஆனா அடைக்கும்போது ஈரம் சரியாத்தான் இருந்துச்சு.

தேன் புளித்திருக்கிறது. அடைக்கும்போது 18.5 இருந்திருக்கலாம், பிறகு உறைந்திருக்கும். குளுக்கோஸ் படிகமாகப் பிரியும்போது அதைப் பிடித்திருந்த தண்ணீர் மீதித் திரவத்துக்குப் போகிறது, அங்கே ஈரம் கூடி ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்: கீழே கெட்டி, மேலே தண்ணி, நடுவே ஊசிமுனைக் குமிழிகள்.

நோட்டில் அந்த பேட்ச் எண்ணைப் பாருங்கள். வைத்திருக்கும் மாதிரிப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அதுவும் புளித்திருந்தால் கடையில் மிஞ்சியதைத் திரும்ப எடுத்து, வாங்கியவர்களுக்கு நீங்களே முந்திச் சொல்லுங்கள். மாதிரி நன்றாக இருந்தால் அந்தப் பாட்டிலில் மட்டும் ஈரம் புகுந்திருக்கிறது, நனைந்த கரண்டியோ தளர்ந்த மூடியோ காரணம். திரும்பி வந்த தேனைக் காய்ச்சி நல்லதோடு கலக்க வேண்டாம், வாடை போகாது. தேனீக்களுக்குத் தீனியாகவும் வைக்காதீர்கள், புளித்த தேன் அவற்றுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.